அக்கா பொருத்திய கை

என் அக்காவுக்கு வலது காது கேட்காது. பிறவியிலேயே அப்படியில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு, ஒரு காலைப் பொழுதில் மிளகாய்க் காட்டில் நின்றுகொண்டிருக்கும்போது போயிற்று. வியாபாரி ஒருவர் போனில் கூப்பிட்டிருக்கிறார். எடுத்து வலது காதில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. போன் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தட்டிப் பார்த்தாள், முந்தானையால் துடைத்தாள். தற்செயலாக இடது காதுக்கு மாற்றியபோதுதான் அந்தப் பக்கம் வியாபாரி கத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். நரம்புக் கோளாறு, திரும்ப வராது என்று சொல்லிவிட்டார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சரி, இன்னொன்னு இருக்குல்ல. வா, பசிக்குது."

அபிராமத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அக்காவும் அத்தானும் அங்கேதான், ஆனால் நிலத்தைப் பார்ப்பது அக்காதான். கல்லூரியில் கணக்குப் படித்தவள், வேலைக்குப் போக இஷ்டமில்லாமல் விவசாயத்துக்கு வந்தாள். நான் ராமநாதபுரத்தில் பள்ளிக்கூட டீச்சர் வேலை பார்க்கிறேன். காது போன பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒற்றைக் காதால் சத்தம் கேட்கும், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. காட்டில் யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். கூப்பிட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பாட்டுக் கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள். காதில் மாட்டிக் கேட்கிற இயர்போனில் பாட்டு இரண்டாகப் பிரிந்து வருகிறதாம். "குரல் வருது, அந்தப் பக்கம் வாசிக்கிறது வரல. பாதிச் சோறு தின்ன மாதிரி இருக்கு" என்றாள்.

அவளுடைய கல்லூரித் தோழி பெரியபட்டினத்தில் இருக்கிறார். விடுதியில் ஒரே அறை. நானும் அந்தக் காலத்திலிருந்தே அவரை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன், அவர்கள் வீட்டில் மூத்த சகோதரியை அப்படித்தான் சொல்வார்கள். போன வருஷம் அவர்கள் வீட்டை இடித்துக் கட்டத் தொடங்கியபோது சாமான்களை ஒழுங்குபடுத்த எங்களைக் கூப்பிட்டிருந்தார். மச்சு அறையில் பழைய பாய்களுக்கு நடுவே ஒரு ரெக்கார்டு பிளேயர், அதற்கான ஆம்ப்ளிஃபையர், மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, ஒரு அட்டைப்பெட்டி நிறைய ரெக்கார்டுகள். லாத்தாவின் மாமனார் கொழும்பில் கடை வைத்திருந்தபோது வாங்கியவை.

"தூக்கிப் போடத்தான் புள்ள வச்சிருக்கேன்" என்றார் லாத்தா. "மாமா மவுத்தாகிப் போனப்பறம் யாரும் தொடல."

அக்கா குனிந்து, தூசியைக் கையாலேயே தள்ளிவிட்டு, ரெக்கார்டு வைக்கிற தட்டை ஒரு சுண்டு சுண்டினாள். அது சுற்ற ஆரம்பித்து நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. எந்த உறுத்தலும் இல்லை. பிறகு ஊசியைத் தாங்குகிற அந்த நீளக் கையைத் தொட்டாள். பெட்டியில் ஒட்டியிருந்த பழைய தாளில் அதற்கு டோன்ஆர்ம் என்று பெயர் போட்டிருந்தது, ஆனால் அக்கா முதலிலிருந்து கடைசி வரை அதைக் கை என்றே சொன்னாள். கை பாதி தூரம் நகர்ந்து, அங்கேயே முறுக்கிக்கொண்டு நின்றது. கடற்காற்று அதன் மூட்டுக்குள் புகுந்து துருப்பிடிக்க வைத்திருந்தது.

"தட்டு நல்லாத்தான் ஓடுது. கைதான் செத்துப்போச்சு" என்றாள் அக்கா. "இத நான் கொண்டுபோறேன்."

"கொண்டுபோய் என்ன செய்வ?"

"வேற கை வைப்பேன்."

லாத்தா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மிளகாய் பறிப்பு முடிகிற வரைக்கும் அக்கா அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஆனால் தினமும் மத்தியானம், களத்தில் வத்தல் காயும்போது, போனை இடது காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு வீடியோக்களாகப் பார்த்திருக்கிறாள். எந்தக் கை எந்தப் பெட்டிக்குப் பொருந்தும், மூட்டு எப்படி இருக்க வேண்டும், ஊசியின் பாரம் என்ன என்று ஒன்றுவிடாமல் தெரிந்துகொண்டாள். வெளிநாட்டிலிருந்து புதுக் கையை வரவழைத்தாள். கூரியர் ஊருக்குள் வராது என்று என் முகவரியைக் கொடுத்திருந்தாள். மே மாதம் எனக்கு லீவு. பரமக்குடி வழியாக வந்த பஸ்ஸிலிருந்து மடியில் பிளேயரோடு இறங்கினாள். ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கர்களையும் லாத்தா முன்னமே அனுப்பியிருந்தார், ராமநாதபுரத்துக் கடை ஒன்றில் கொடுத்து நான் சரிசெய்து வைத்திருந்தேன்.

புதுக் கையை உறையிலிருந்து எடுத்தபோது எனக்கே ஆசையாக இருந்தது. ஒரு பென்சில் கனம்தான் இருக்கும். வெள்ளி நிறக் குழாய், ஒரு முனையில் ஊசி மாட்டுகிற இடம், மறுமுனையில் குண்டு மாதிரி ஒரு எடை, நடுவில் மூட்டு. விரல் நுனியால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போயிற்று. பழைய கையைக் கழற்றியதும் பிளேயரின் ஓரத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. அதில் புதுக் கை உட்காரவில்லை. அந்த ஓரப் பலகையை மட்டும் தனியாகக் கழற்ற முடியும் என்பதால், அதே அளவில் புதுப் பலகை வெட்டி, சரியான இடத்தில் புது ஓட்டை போட வேண்டும். சுழலும் தட்டின் நடுவிலிருந்து கையின் மூட்டு வரைக்கும் உள்ள தூரம் துல்லியமாக இருக்க வேண்டும். அதற்கான படத்தை அந்தக் கம்பெனி இணையத்தில் கொடுத்திருந்தது. அக்கா ஜெராக்ஸ் கடையில் அதை அச்செடுத்து வந்தாள். மரக்கடையில் ஒரு தேக்குத் துண்டை வெட்டி வாங்கி, படத்தை அதன் மேல் ஒட்டி, குறி வைத்து, ஆசாரியிடம் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வந்தோம்.

கை கச்சிதமாக உட்கார்ந்தது. நான் கைதட்டினேன்.

"இரு, இனிமேத்தான் வேல" என்றாள்.

கையோடு ஒரு அட்டை வந்திருந்தது. அதை ரெக்கார்டு இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, அதில் குறித்திருக்கும் இரண்டு புள்ளிகளிலும் ஊசி முனை உட்கார்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி புள்ளியைத் தாண்டிப் போய் நின்றது. ஊசி மாட்டியிருக்கும் அந்தச் சின்னக் கட்டையைப் பின்னுக்கு நகர்த்தினாள். அப்போதும் தாண்டியது. திருகைத் தளர்த்தி முழுக்கப் பின்னால் இழுத்தும் தாண்டியது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. நான் அந்தக் கம்பெனியைத் திட்டத் தொடங்கினேன். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு செம்பு மோர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிளேயரைப் பார்க்கவில்லை. பலகையிலிருந்து உரித்துப் போட்ட தாளை எடுத்து நீவி, என் மகளின் ஸ்கேலை அதன் மேல் வைத்தாள்.

"இங்கன பாரு. இந்தக் கோடு பத்து சென்டிமீட்டர்னு போட்டிருக்கு. அளந்தா கொறையுது."

அச்செடுக்கும்போது தாளுக்குள் அடங்கட்டும் என்று இயந்திரம் படத்தைச் சற்றுச் சுருக்கிவிட்டிருக்கிறது. அதனால் ஓட்டையே உள்ளே தள்ளி விழுந்துவிட்டது. தேக்குப் பலகை வீண்.

"கடைக்காரர்கிட்டப் போய்க் கேக்கவா?"

"அவரு என்ன செய்வாரு? அந்தக் கோட அதுல போட்டிருக்கிறதே அளந்து பாக்கத்தான். நான் அளக்கல." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கோபமோ வெட்கமோ இல்லை. எங்கே தவறு என்று கண்டுபிடித்துவிட்ட தெளிவுதான் இருந்தது. "ஒரு பலகைதான போச்சு. கை நல்லாத்தான இருக்கு. கிளம்பு, மரக்கடை சாத்திரப் போறாங்க."

இரண்டாவது பலகையில் தாளை அளந்து பார்த்துத்தான் ஒட்டினாள். ஓட்டை போட்டு வந்ததும் மறுபடி அளந்தாள். ஊசி இரண்டு புள்ளிகளிலும் போய் உட்கார்ந்தது. நான் மூச்சு விட்டேன்.

மறுநாள் பாரம் சரிபார்க்கிற வேலை. கையின் பின்முனையிலுள்ள எடையை முன்னும் பின்னும் திருகி, கை எந்தப் பக்கமும் சாயாமல் அந்தரத்தில் மிதக்க வேண்டும். அதன் பிறகுதான் ஊசிக்கு எவ்வளவு பாரம் வேண்டுமோ அதைக் கொடுக்க முடியும். அக்கா திருகிக்கொண்டே இருந்தாள். கை நிற்பது போல வரும், உடனே அசையும். நிற்கும், அசையும். எனக்குப் புரியவில்லை. அவள் மேலே பார்த்தாள்.

"ஃபேன நிப்பாட்டு புள்ள."

ராமநாதபுரத்தில் மே மாதம் ஃபேனை நிறுத்துவது என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நிறுத்தினேன். ஜன்னலையும் சாத்தச் சொன்னாள். சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் என் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கை அப்போதும் லேசாக ஆடியது. அக்கா யோசித்தாள். பிறகு முந்தானையை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாள். அவளுடைய மூச்சுக் காற்றுதான் ஆட்டியிருக்கிறது. இப்போது கை நின்றது. தளும்பாத குளத்தில் கிடக்கிற குச்சி போல, எதையும் தொடாமல், எதன் மேலும் சாயாமல் நின்றது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் கண்கள் மட்டும் முந்தானைக்கு மேலே தெரிந்தன. அதில் இருந்த சந்தோஷத்தை நான் வெகு காலமாகப் பார்க்கவில்லை.

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு தராசின் மேல் ஊசியை இறக்கி இரண்டு கிராமுக்குள் பாரம் வைத்தாள். அந்த அளவு பாரத்தில்தான் ரெக்கார்டும் தேயாமல், ஊசியும் துள்ளாமல் ஓடுமாம். மூட்டை மூட்டையாக வத்தல் எடை போடுகிறவள், சுண்டுவிரல் நகத்தால் அந்தக் குண்டைத் திருகிக்கொண்டு தராசின் எண்ணைப் பார்த்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. சிரித்துவிட்டேன். "சிரிக்காத, காத்து வருது" என்றாள்.

முதல் ரெக்கார்டைப் போட்டோம். ஊசி ரெக்கார்டில் இறங்கியபோது ஒரு சின்னப் பொரிகிற சத்தம், பிறகு நாதஸ்வரம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். நான் வலது பக்கத்து ஸ்பீக்கர் அருகே உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, இங்கன சத்தமே வரல."

அவள் கண்ணைத் திறந்தாள். எழுந்து வந்து குனிந்து, இடது காதை அந்தப் பெட்டியோடு ஒட்டினாள். ஒன்றும் இல்லை. "நான் நல்லா கேக்குதுன்னுல்ல நினைச்சேன்" என்றாள். ஒரு கணம் அவள் முகம் வாடியது. அவள் காதுக்கு ஒரு பெட்டியும் ஒன்றுதான், இரண்டும் ஒன்றுதான். எனக்கு ஏன்தான் சொன்னோம் என்றாகிவிட்டது. ஆனால் அந்த வாட்டம் நீடிக்கவில்லை.

"அப்பச் சரி. நீ எனக்கு அந்தக் காதா இரு. அங்கனயே உக்காரு, எந்திரிக்காத."

பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகிற இரண்டு ஒயர்களையும் மாற்றிச் செருகிப் பார்த்தாள். இப்போது என் பக்கம் சத்தம் வந்தது, அந்தப் பக்கம் போயிற்று. அப்படியென்றால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, ஊசிப் பக்கம்தான் கோளாறு. ஊசிக் கட்டையின் பின்னால் மயிர்போல நான்கு ஒயர்கள், நான்கு நிறத்தில். புருவம் திருத்துகிற சாமணத்தால் ஒவ்வொரு ஒயரின் நுனியையும் இழுத்துப் பார்த்ததில், சிவப்பு ஒயரின் நுனிக் கொக்கி தொளதொளவென்றிருந்தது. மெல்ல அமுக்கி இறுக்கி, பழையபடி மாட்டினாள். இரண்டு பெட்டியும் பாடின.

நான் போதும் என்று நினைத்தேன். பாட்டு வருகிறது, வேறென்ன வேண்டும்? அக்கா விடவில்லை. ஒரு ரெக்கார்டை முதலிலிருந்து கடைசி வரை கேட்டாள். திரும்பவும் கேட்டாள்.

"கடைசிப் பாட்டுல சீறுது."

"எனக்கு ஒன்னும் தெரியலையே."

"'ச' வர்ற எடத்தக் கேளு. வெளிப்பக்கம் சுத்தமா இருக்கு, உள்ள போகப் போக எண்ணெய்ச் சட்டில தண்ணி விழுந்த மாதிரி வருது."

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அவள் சொன்ன பிறகும் எனக்குப் பாதிதான் விளங்கியது. என்னிடம் இரண்டு காது இருந்தும் நான் பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டுப் பழகியவள். அவளுக்கு ஒன்றுதான் என்பதால் அதை வீணாக்கவே மாட்டாள். கையின் அடித்தண்டைத் தளர்த்தி நூலளவு இறக்கினாள், கேட்டாள். கூடுதலாக இறங்கிவிட்டது, மந்தமாக இருக்கிறது என்று கொஞ்சம் ஏற்றினாள். கை உள்பக்கமாக இழுபடாமல் தடுக்கிற சிறு திருகு ஒன்று இருந்தது, அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் மாற்றுவாள். மாற்றியதும் கேட்பாள். பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு அடுத்ததைத் தொடுவாள். அவசரமே கிடையாது. அரிசி களைந்து, சாப்பிட்டு, ஃபேனைப் போட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். சாயங்காலம் வெயில் தணிகிற நேரம், அதே கடைசிப் பாட்டு. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கே தெரிந்தது. சீறல் இல்லை. பாடியவர் பக்கத்து அறையில் நின்று பாடுகிற மாதிரி இருந்தது.

"இந்த ரெக்கார்டெல்லாம் ஸ்டீரியோ வர்றதுக்கு முந்தினது புள்ள" என்றாள். "ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்தான். ஒனக்கு என்ன கேக்குதோ அதான் எனக்கும். எதுவும் கொறையல."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை லாத்தாவையும் அவர் வீட்டுக்காரரையும் கூப்பிட்டோம். பிரியாணிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அண்ணனுக்கு, லாத்தாவின் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் சொல்வேன், பிளேயரைப் பார்த்ததும் அடையாளமே தெரியவில்லை. "இது வாப்பாவோடதா?" என்று இரண்டு முறை கேட்டார். அக்கா அவர்கள் வீட்டு ரெக்கார்டுகளிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்தாள். கடல் தாண்டிப் போகிறவர்களுக்காகத் துவா கேட்கிற ஒரு பழைய பாட்டு. அண்ணன் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. லாத்தா கல்யாணமாகி வந்த பிறகு, பிள்ளைகளைத் தூங்கவைக்கப் பாடிப் பாடி அவருக்கும் மனப்பாடம்.

ஊசி இறங்கியது. இருவரும் கூடவே பாடினார்கள். முதல் அடி, இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். ரெக்கார்டு பாடிக்கொண்டு போனது. அவர்கள் பாட இருந்தது அதுவல்ல.

"இது என்ன?" என்றார் அண்ணன்.

"இந்த வரி நம்ம பாட்டுல இல்லையே" என்றார் லாத்தா.

அக்கா கையைத் தூக்கி மறுபடி அந்த இடத்தில் இறக்கினாள். பாடகர், வீட்டில் காத்திருக்கிறவளின் பெயரால் ஒரு வேண்டுதலைப் பாடினார். போனவன் திரும்ப வரட்டும் என்று மட்டுமல்ல, காத்திருப்பவளுக்குப் பொறுமையைக் கொடு என்று. அதன் பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்த வரி வந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். பழைய கை அந்த இடத்தில் எப்போதும் எகிறி, அந்த வரியைத் தாண்டிக் குதித்திருக்கிறது. அவர் நினைவு தெரிந்த நாளிலிருந்து குதித்திருக்கிறது. அவர்கள் வீடே அந்த வரி இல்லாமல்தான் பாட்டைக் கற்றிருக்கிறது, பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறது. ரெக்கார்டிலோ அது கீறல் விழாமல் அப்படியே இருந்தது.

"எங்க உம்மா இந்த வரியக் கேட்டே இருக்க மாட்டாக" என்றார் அண்ணன். "வாப்பா கொழும்புல இருக்கையில உம்மாதான் வீட்டுல இந்தப் பாட்டப் போட்டுப் போட்டுக் கேப்பாக."

லாத்தா அக்காவின் இடது பக்கம் வந்து உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அண்ணன், இன்னொரு தடவை போடச் சொன்னார். அதற்குப் பிறகு இன்னொரு தடவை. நாலாவது முறை லாத்தா அந்தப் புது வரியைச் சேர்த்துப் பாடிவிட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது அக்கா சொன்னாள், "இத நீங்களே கொண்டுபோங்க. ஒங்க வீட்டுப் பொருளு."

அண்ணன் முகத்தில் ஆசை இருந்தது, எனக்கு நன்றாகவே தெரிந்தது. லாத்தா முந்திக்கொண்டார்.

"பொருளு எங்களுது, கை ஒன்னுதுல்ல? அங்கன கொண்டுபோனா உப்புக்காத்து இதையும் தின்னுரும். ஒன்கிட்டயே இருக்கட்டும் புள்ள. கேக்கணும்னு தோணுனா நாங்க வாரோம், இன்ஷா அல்லாஹ்."

அக்கா எடையையும் ஊசியையும் கழற்றித் தன் கைப்பையில் வைத்து, கையைப் பருத்தித் துணியால் கட்டி, பிளேயரை ஊருக்குக் கொண்டுபோனாள். அங்கே போய் முதலிலிருந்து எல்லாவற்றையும் தனியாளாகச் செய்திருக்கிறாள். தெருவில் டிராக்டர் போனால் ஊசி அதிர்கிறது என்று, அத்தானை விட்டுச் சுவரில் கடப்பாக்கல் பலகை ஒன்றைப் பதிக்கச் சொல்லி, அதன் மேல் தூக்கி வைத்தாளாம்.

தை கழிந்து மிளகாய் பழுத்த நேரத்தில் நான் போனேன். பறிக்க வந்த பெண்கள் மத்தியானம் அக்கா வீட்டு முற்றத்து வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டிகளைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ரெக்கார்டு ஓடியது. பேச்சு, சிரிப்பு, வெங்காயம் கடிக்கிற சத்தம். பாட்டே சரியாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்ததை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லையே என்று, "கொஞ்சம் சத்தம் போடாம இருங்களேன்" என்றேன்.

அக்கா வாசற்படியில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். இடது காது வீட்டுக்குள்ளே பார்த்திருந்தது.

"அவுகளப் பேச விடு" என்றாள். "எனக்கு ரெண்டும் கேக்குது."